ஓப்பனிங் பேலன்ஸ்

'வாரிசு' என்றாலே நமக்கு ஓர் இளக்காரம் உண்டு, இல்லையா? 1985 ஜனவரி 20, இத்தாலியின் உடினே நகரம். ஏ.சி. மிலன் கால்பந்து அணிக்காக 16 வயதுப் பையன் ஒருவன் இடைவேளைக்குப் பிறகு களமிறங்கினான். பெயர் பாவ்லோ மால்தினி. அப்பா செசாரே யார் தெரியுமோ? 1963-ல் அதே மிலனுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன். 'சிபாரிசு கேஸ்' என்று முணுமுணுக்க வேறென்ன வேண்டும்?

பையன் அடுத்த சீசனிலேயே அணியில் நிரந்தர இடம் பிடித்தான். இத்தனைக்கும் வலது கால்காரன்; பேர் வாங்கியதோ இடது பக்கத் தடுப்பாட்டத்தில்! கோல் போட்டால் ஸ்கோர் போர்டு சொல்லும். தடுத்ததை எந்த போர்டு சொல்லும்?

காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொல்கிறேன். அப்பா பெயர் வெறும் ஓப்பனிங் பேலன்ஸ். 2009-ல் கணக்கை முடித்தபோது மிலனுக்காக 902 ஆட்டங்கள். முதல் ஆட்டத்தை வேண்டுமானால் சிபாரிசில் எழுதிக்கொள்ளுங்கள். மீதி 901?