படத்துக்குச் சேலை சாத்தியவர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றியவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் ரவிவர்மாவின் லட்சுமி. கிட்டப் போய்ப் பார்த்தால் சேலை நிஜத் துணி. முகத்தையும் கைகளையும் அச்சில் இருந்தபடியே விட்டுவிட்டு, உடைமேல் மட்டும் சரிகையும் ஜமிக்கியும் மணியும் வைத்துத் தைத்திருப்பார்கள். யார் படம் என்று கேட்டால் "ரவிவர்மா சார்" என்பார்கள். யார் தைத்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

இவற்றை ரவிவர்மா கணக்கில் மட்டும் எழுதுவது சரியில்லை என்பது என் கட்சி.

பாரிஸில் 1860-இல் 'லா மோட் இல்லுஸ்த்ரே' என்ற பெண்கள் இதழ் தொடங்கியது. அனாய்ஸ் டூடூஸ் அதற்கு உடைப்படங்கள் வரைந்தார். அக்காலத்து உடைப்படங்களுக்கு அச்சான பிறகு ஒவ்வொரு தாளாகக் கையால் வண்ணம் பூசுவார்கள். வாசகி அதைப் பார்த்துத் தனக்கு உடை தைத்துக்கொள்வாள். அதாவது, படம் சொல்லும், உடம்பு கேட்கும்.

ரவிவர்மா பம்பாயில் அச்சகம் போட்டது 1894-இல். அவருடைய லட்சுமிக்கு ரவிக்கையும் தழையத் தழையச் சேலையும் உண்டு. அந்தப் படம் மாட்டிய வளவில் நடமாடிய ஆச்சி கட்டியதோ, கட்டம் போட்டு அகலக் கரை வைத்த கண்டாங்கி, பின்கொசுவம் வைத்து. இந்தியப் பெண்களுக்கு உடை கற்பித்ததே ரவிவர்மா படங்கள்தான் என்று ஒரு பேச்சு உண்டு. இந்தத் தையல் படங்களில் எனக்குத் தெரிவது எதிர்த்திசை. இங்கே துணிதான் படத்தின்மேல் ஏறியிருக்கிறது. ஐரோப்பாவிலும் அச்சுப்படத்தில் துணி ஒட்டுவது உண்டு. ஆனால் நம் ஊர்க் கண்ணுக்கு இது வேறு விஷயம். கோயிலில் அம்மனுக்குச் சேலை சாத்துகிறோமே, அதேதான்.

நஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ரவிவர்மா பாடுபட்டு வரைந்த மடிப்பின் நிழலெல்லாம் ஜமிக்கிக்கு அடியில் போய்விடுகிறது. சில படங்களில் சேலை தகடு மாதிரி நிற்கிறது. ஆனால் இதைக் கடையின் டியூப்லைட்டில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒரு காமாட்சி விளக்கை ஏற்றி முன்னால் வையுங்கள். சுடர் அசைய அசையச் சேலையும் அசையும். தைத்த கைக்கு அது தெரிந்திருக்கிறது.

டூடூஸ் தன் படங்களில் கையெழுத்துப் போட்டார். வண்ணம் பூசிய பெண்கள் போடவில்லை. நம் படங்களிலும் ரவிவர்மா பெயர் இருக்கிறது, ஊசி பிடித்தவர் பெயர் இல்லை. பெயரை இனிக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அருங்காட்சியகச் சீட்டில் 'அச்சு: ரவிவர்மா' என்பதற்குக் கீழே 'தையல்: பெயர் தெரியாதவர்' என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்கு என்ன செலவு?