துறைமுகச் செல்வமும் அடிமை வாணிபமும்

லிவர்பூல், பிரிஸ்டல் ஆகிய துறைமுகங்கள் அடிமை வாணிபத்தால் செல்வமுற்றதை எரிக் வில்லியம்ஸ் ‘முதலாளித்துவமும் அடிமைத்தனமும்’ (1944) என்னும் நூலில் விளக்கினார். கடமலைக்குண்டில் அமர்ந்து அதை வாசிக்கும் நமக்கு, அது தூரதேசத்தார் பாவமென்றே தோன்றும். அவ்வெண்ணத்தைக் கலைக்கிறது, இந்துமாக்கடலில் டச்சுக்காரரின் அடிமை வாணிபத்தைக் குறித்து மார்க்கஸ் விங்க் 2003இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைப் பாழாக்கியபின், 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் டச்சுக் கம்பெனியார் 8,000 முதல் 10,000 பேரை விலைக்கு வாங்கினர் என்கிறார் அவர். பெரும்பாலோர் இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டனர். எஞ்சியோர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும்.

அடிமை ஏற்றுமதி பெருகிய காலங்களைப் போரோடும் பஞ்சத்தோடும் அவர் இணைப்பது சரியே. ஆயினும் அவ்விளக்கத்தில் வாங்கினவன் சற்றே மறைந்து நிற்கிறான். பஞ்சம் மனிதரைப் பட்டினி போடும். விலை பேசிக் கப்பலேற்றாது.

வில்லியம்ஸின் முடிவையும் இங்கே அப்படியே பொருத்தலாகாது. லிவர்பூலில் ஆதாயம் துறைமுகத்திலேயே தங்கிற்று. நாகப்பட்டினமோ ஆட்களை இழந்தது. ஆதாயம் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவைச் சேர்ந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகர மதிலுக்குள் வாழ்ந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அடிமைகளே!

நாகப்பட்டினத்து டச்சு ஆலயத்தைச் சபைச் சரித்திர வகுப்பில் நாம் கற்பிக்கிறோம். இக்கணக்கை அதனருகே வைத்துக் கற்பித்தோமா?