இன்சைட் அவுட்: பாடமா, பேச்சுத்துணையா?

குழந்தைகளிடம் உணர்ச்சிகளைப் பற்றிப் பேச அனிமேஷன் படங்களைத் துணைக்கு அழைக்கும் ஆசிரியர்களும் ஆலோசகர்களும் பெரும்பாலும் முதலில் எடுப்பது, பிக்சார் 2015இல் வெளியிட்ட ‘இன்சைட் அவுட்’. மின்னசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயரும் 11 வயது ரைலியின் தலைக்குள் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு ஆகிய ஐந்தும் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுகின்றன. உளவியலாளர்கள் பால் எக்மன், டேக்கர் கெல்ட்னர் ஆகியோரைக் கலந்தே இயக்குநர் பீட் டாக்டர் இந்த உலகத்தை அமைத்தார்.

இந்த முறையின் பெரிய பலம், அது தரும் இடைவெளி. “நீ ஏன் அழுதாய்?” என்றால் வாய் திறக்காத குழந்தை, “ரைலி ஏன் ஓடிப்போகப் பார்த்தாள்?” என்றால் பேசத் தொடங்கும். ரைலியைச் சாக்கிட்டுத் தன் கதையையும் சொல்லிவிடும்.

சோகத்துக்கு இந்தப் படம் தரும் மதிப்பு அடுத்த பலம். ரைலியின் கற்பனைத் தோழன் பிங் பாங்கின் ராக்கெட் வண்டி குப்பைப் பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. மகிழ்ச்சியின் பாத்திரமான ஜாய் கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள், கோமாளித்தனம் செய்கிறாள், அவன் அசையவில்லை. சோகத்தின் பாத்திரமான சாட்னஸ் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் இழந்ததைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்கிறாள். அவன் அழுது முடித்து, தானே எழுந்து வழிகாட்டக் கிளம்புகிறான். “அழாதே” என்பதைத் தவிர வேறு ஆறுதல் அறியாத பெரியவர்களுக்கும் இந்தக் காட்சியில் பாடம் இருக்கிறது.

குறைகளும் சிறியவையல்ல. ஐந்து உணர்ச்சி, ஐந்து நிறம் என்ற அட்டவணை வகுப்புச் சுவருக்கு வசதியானது. மனம் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. படத்தின் முடிவில் சோகத்தின் நீலமும் மகிழ்ச்சியின் மஞ்சளும் கலந்த நினைவுப் பந்து உருள்வதை அட்டவணைகள் மறந்துவிடுகின்றன. உணர்ச்சிகள் பொத்தானை அழுத்த, குழந்தை இயங்குகிறது என்ற சித்திரிப்பும் கவனிக்கத்தக்கது: “கோபம்தான் அடித்தது, நான் இல்லை” என்று சொல்லித் தப்பிக்க அது இடம் கொடுக்கிறது. 2024இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஹாக்கிப் போட்டிக்கு நடுவே ரைலி பதற்றத்தில் மூச்சுத் திணறுகிறாள். அதே அவதியில் இருக்கும் குழந்தைக்கு, முன்னறிவிப்பின்றி வகுப்பில் அதைப் போட்டுக் காட்டுவது பொறுப்பற்ற செயல்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. ரைலியின் துயரம் அவள் தலைக்குள் முளைத்ததல்ல. வீடு மாறியது பெற்றோரின் முடிவு. அப்பாவுக்காகச் சிரித்த முகமாக இரு என்று கேட்டுக்கொண்டதும் அம்மாதான். “உனக்குள் இப்போது யார் பேசுகிறார்கள்?” என்று மட்டும் கேட்டு நிறுத்தினால், பெரியவர்கள் செய்தது விசாரணைக்கே வராது, சரிசெய்ய வேண்டியது குழந்தையை மட்டும் என்றாகிவிடும். “ரைலியின் அம்மா அப்பா என்ன செய்திருக்கலாம்?” என்ற கேள்வியும் கட்டாயம் வேண்டும்.

கடைசியில் ரைலி, பழைய ஊர் வேண்டும் என்று உடைந்து அழும்போது பெற்றோர் உபதேசிப்பதில்லை; தங்களுக்கும் அந்த ஏக்கம் உண்டு என்கிறார்கள். வகுப்பிலும் அப்படித்தான்: இந்த முறை நல்லதா என்பதை அதைக் கையாளும் பெரியவரே தீர்மானிக்கிறார். “இந்தப் பள்ளிக்கு வரவே பயமாக இருக்கிறது” என்று ஒரு குழந்தை சொன்னால், குறுக்கிடாமல் கேட்டு, அந்தப் பயத்தின் காரணத்தைத் தேடவும் தயாராக இருப்பவர் தாராளமாகப் படத்தைப் போடலாம்.