சிங்கிளயரின் ‘தி ஜங்கிள்’ நாவலும் அமெரிக்கச் சீர்திருத்தத்தின் எல்லைகளும்

அப்டன் சிங்கிளயரின் ‘தி ஜங்கிள்’ 1905இல் கன்சாஸ் மாநிலத்துச் சோஷலிச வாரப் பத்திரிகையொன்றில் தொடராக வெளிவந்து, 1906 பெப்ருவரியில் நூலுருப் பெற்றது. அதே ஆண்டு யூன் 30ஆந் திகதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்திலும் தூய உணவு, மருந்துச் சட்டத்திலும் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் கையொப்பமிட்டார். நாவலொன்று ஐந்து மாதங்களுள் ஓர் அரசைச் சட்டமியற்றத் தூண்டியது என்பது, இலக்கியத்தின் சமூகப் பணி பற்றிப் பேசுவோர் விரும்பி எடுத்துக்காட்டும் செய்தியாகும். முற்போக்கு இலக்கியத்தில் நம்பிக்கையுடைய நாமும் அதனை அவ்வாறே எடுத்தாண்டு வந்துள்ளோம். (தூய உணவுக்கான கிளர்ச்சியை அரசாங்க இரசாயனவியலாளர் ஹார்வி வைலி பல ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியிருந்தார் என்பதை மாத்திரம் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.) ஆயின் அச்சட்டங்கள் எதனைச் செய்யாது விட்டன என்ற வினாவும், அதில் நாவலுக்கும் பங்குண்டா என்ற வினாவும் இன்னும் ஆராயத்தக்கனவாகவே உள்ளன.

1904இல் சிக்காகோ இறைச்சித் தொழிலாளரின் வேலைநிறுத்தம் தோல்வியுற்றதன் பின்னர், சிங்கிளயர் அங்கு ஏழு வாரங்கள் தங்கித் தொழிலாளரிடையே பழகித் தகவல் திரட்டினார். லிதுவேனியாவிலிருந்து வந்த யூர்கிஸ் ருட்குஸ் என்னும் தொழிலாளியின் குடும்பம் படிப்படியாகச் சிதைவதே கதை. கெட்டுப்போன இறைச்சி பற்றிய வருணனைகள் நூலின் சில பக்கங்களையே பிடித்தன. வாசகரோ அவற்றையே பற்றிக்கொண்டனர். மக்களின் இதயத்தைக் குறிவைத்த தாம் தற்செயலாக வயிற்றையே தாக்கிவிட்டதாக ஆசிரியர் பின்னர் வருந்தினார். சட்டத்தின் உள்ளடக்கம் அவ்வருத்தத்தை நியாயப்படுத்துகிறது. பரிசோதனைச் செலவுக்காக ஆண்டுதோறும் 30 இலட்சம் டொலர் பொதுத் திறைசேரியிலிருந்து ஒதுக்கப்பட்டது. ஆலை முதலாளிகள் அதனை ஏற்க வேண்டியிருக்கவில்லை. அரசின் முத்திரை அவர்களது பண்டத்துக்கு ஐரோப்பியச் சந்தையில் நற்சான்றாகவும் பயன்பட்டது. கத்தியால் விரலிழந்தவனுக்கும் அமிலத்தில் கையழுகியவனுக்கும் அச்சட்டத்தில் ஒரு வரியேனும் இல்லை. நுகர்வோன் பாதுகாக்கப்பட்டான்; உழைப்போன் விடப்பட்டான்.

இது வாசகரின் தன்னலத்தால் மட்டும் நேர்ந்ததன்று. நாவல் தொடராக வந்துகொண்டிருந்த 1905 ஏப்பிரலில், வெதுப்பகத் தொழிலாளரின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலமாக வரையறுத்த நியூயோர்க் மாநிலச் சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது 1868இல் நிறைவேறிய பதினான்காவது திருத்தம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமையைக் காக்கவென உள்நாட்டுப் போரின் பின் எழுந்த திருத்தம் அது. 1896இல் புகையிரதப் பெட்டிகளில் இனப் பிரிவினையை எதிர்த்து வழக்காடிய ஒருவர் அதே திருத்தத்தைத் துணைக்கழைத்தபோது, அது அவருக்கு உதவாதென அதே நீதிமன்றம் தீர்த்திருந்தது.

இவ்விரு தீர்ப்புகளையும் இணைக்கும் கண்ணி 1877ஆம் ஆண்டில் உள்ளது. அவ்வாண்டு ஏப்பிரலில், லூசியானா, தென் கரோலைனா மாநிலங்களின் அரசமன்றங்களைக் காத்துநின்ற கூட்டாட்சிப் படைகளை ஜனாதிபதி ஹேய்ஸ் விலக்கிக்கொண்டார். தெற்கில் கறுப்பினத்தவர் பெற்றிருந்த அரசியற் பலம் அத்துடன் சரியலாயிற்று. யூலையில் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அதே ஜனாதிபதி அவர்களுக்கெதிராகப் படைகளை அனுப்பினார். போருக்குப் பிந்திய புனரமைப்பை உழைப்பின் வரலாறாகவே எழுத டு போய்ஸ் 1935இல் முன்வந்தமைக்கு இத்தகைய உண்மைகளே காரணமாகும். பிரிவினை முடிந்தது, கைத்தொழில் வளர்ந்தது, பின் சீர்திருத்தம் வந்தது என்று பாடநூல்கள் வகுக்கும் காலப் பகுப்பு, பிரிவினை முடியவேயில்லை என்பதை மறைத்துவிடுகிறது.

சிங்கிளயரின் கலைத்திறனும் அவரது குருட்டுத்தன்மையும் நமக்கு அக்கறைக்குரியனவாவது இவ்விடத்திலேயே. முதல் அத்தியாயத்தின் திருமண விருந்தை எண்ணிப் பார்க்கலாம். விருந்தினர் தத்தம் பங்கைக் கொடுத்து மணமக்களின் செலவைத் தாங்குவது லிதுவேனியக் கிராம வழக்கம். சிக்காகோவிலோ இளைஞர் உண்டு குடித்து ஆடிவிட்டு, ஒன்றும் கொடாமல் நழுவுகின்றனர். கூலியுழைப்பு ஒரு சமூகத்தின் பரஸ்பர நம்பிக்கையை எவ்வாறு அரித்துவிடுகிறது என்பதை எவ்விதப் பிரசாரமுமின்றி அவ்வத்தியாயம் புலப்படுத்துகிறது. நூலிறுதியில் வரும் நீண்ட சோஷலிசச் சொற்பொழிவுகள் யாவும் இதற்கு ஈடாகா என்பதே நம் கருத்து.

அதே ஆசிரியர்தான் இருபத்தாறாம் அத்தியாயத்தில், வேலைநிறுத்தத்தை முறியடிக்கத் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளரைச் சூதாடிகளாகவும் குடிவெறியராகவும் காட்டுமிராண்டிகளின் வழிவந்தோராகவும் தீட்டியுள்ளார். அவர்களில் ஒருவருக்கேனும் முற்கதை இல்லை. யூர்கிஸும் அவ்வேலைநிறுத்தத்தை முறியடிப்பவனே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அவன் அந்நிலைக்கு இறங்கியதை விளங்கிக்கொள்ள நமக்கு இருபத்தைந்து அத்தியாயங்கள் தரப்பட்டுள்ளன: கடன், மனைவியின் மரணம், சேற்றுத் தெருவில் மூழ்கிய குழந்தை, சிறை. கறுப்பினத்தவனுக்குத் தரப்பட்டதோ தோல் நிறம் மாத்திரமே. வெள்ளையினத் தொழிலாளியின் வீழ்ச்சிக்குச் சூழலும் கறுப்பினத் தொழிலாளியின் வீழ்ச்சிக்கு இரத்தமும் காரணமாக்கப்படுகையில், இயற்பண்புவாதம் தன் அடிப்படைக் கோட்பாட்டையே கைவிடுகிறது. தொழிற்சங்கங்கள் பல கறுப்பினத்தவருக்குக் கதவடைத்திருந்த காலம் அது. அக்கதவைப் பற்றிய ஒரு பந்தி அந்த அத்தியாயத்தின் பொருளையே மாற்றியிருக்கும்.

அக்காலத்தின் பொதுத் தப்பெண்ணம் இது எனச் சிலர் சமாதானம் கூறுவர். டு போய்ஸின் ‘கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்’ 1903இலேயே அச்சில் இருந்தமையால் அச்சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை. சீர்திருத்த அரசியலும் இவ்வழியிலேயே சென்றது. முற்போக்காளரெனப் போற்றப்பட்ட வில்சனின் ஆட்சியிலேயே, 1913இல், கூட்டாட்சி அலுவலகங்களில் இனப் பிரிவினை விரிவுபடுத்தப்பட்டது.

சிக்காகோ இறைச்சித் தொழிலாளரை இன வேறுபாடின்றித் திரட்டும் முயற்சி 1917இல் ஆரம்பமாயிற்று. 1919 யூலை 27இல் அந்நகரில் வெடித்த இனக்கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தவர். இரண்டு ஆண்டுகளின் பின் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தமும் தோற்றது. இரு இனத்தவரையும் சமமாகக் கொண்ட அமெரிக்க ஐக்கிய இறைச்சித் தொழிலாளர் சங்கம் 1943இலேயே உருவாயிற்று. தெற்கிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினத் தொழிலாளர் பலர் அதன் கிளைகளில் தலைமைப் பொறுப்பேற்றனர்.