இனம் என்ற கட்டத்தை வாசிப்பது

இலக்கிய விமர்சனம் என்றால் நாவலையும் சிறுகதையையும் மட்டும்தான் பேச வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மலேசியாவில் பதினெட்டு வயதில் ஒரு மாணவர் வரி விடாமல் படிக்கும் பிரதி எது என்று கேட்டால், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பமும் அதன் வழிகாட்டி நூலும் என்றுதான் சொல்வேன். அந்த நூலில் ஒரே ஒரு பகுதியைப் பற்றியது இந்தக் கட்டுரை. பூமிபுத்திரா யார் என்று வரையறுக்கும் பகுதி அது.

நான் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். அதனால் பாரம் நிரப்ப ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். மதிப்பெண், பாடத் தேர்வு எல்லாம் மளமளவென்று போகும். ‘பங்சா’ என்ற கட்டம் வந்ததும் சிலருக்குக் கை நின்றுவிடும். அப்பா தோட்டத்துத் தமிழர், அம்மா செமாய். இந்த மலையில் இது அதிசயம் ஒன்றுமில்லை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே செமாய் மக்கள் இங்கே இருந்தார்கள். நம் ஆட்கள் பிறகுதான் வந்தார்கள். சந்தை, கிளினிக், பஸ் எல்லாம் இருவருக்கும் பொது. “அண்ணே, நான் என்னன்னு போடுறது?” என்ற கேள்வி பிறகு வராமல் எப்படி இருக்கும்?

இப்போது பிரதிக்கு வருவோம். ‘பூமிபுத்திரா’ என்ற சொல்லே கூட்டரசு அரசியலமைப்பில் கிடையாது. ஆனால் வழிகாட்டி நூல் அதை மூன்று வட்டாரங்களுக்கு மூன்று விதமாக வரையறுத்து வந்திருக்கிறது. தீபகற்பத்தில் பெற்றோரில் ஒருவர் முஸ்லிம் மலாய்க்காரராகவோ ஓராங் அஸ்லியாகவோ இருந்தால் போதும். சபாவில் தந்தை பூர்வகுடியாக இருக்க வேண்டும். சரவாக்கில் தாய், தந்தை இருவருமே. ஒரே நாடு, ஒரே பாரம், மூன்று இலக்கணம். 2009-இல் சரவாக்கில் இபான் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த ஒரு மாணவிக்கு மெட்ரிக்குலேஷன் இடம் மறுக்கப்பட்டுப் பெரிய சர்ச்சையானது. 2022-இல் சரவாக் சட்டத்தைத் திருத்தியது. பெற்றோரில் ஒருவர் பூர்வகுடியாக இருந்தாலே போதும் என்றானது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் யாருடைய ரத்தமும் மாறவில்லை. மாறியது வாக்கியம் மட்டும்தான்.

இன்னொரு பிரதியையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். 1954-ஆம் ஆண்டு பூர்வகுடிகள் சட்டம், மூன்றாம் பிரிவு. ஆண் வழியில் வரும் சந்ததி அதன் வரையறைக்குள் தானாகவே சேர்ந்துவிடுகிறது. தாய் மட்டும் ஓராங் அஸ்லி என்றால் பிள்ளைக்குத் தனி நிபந்தனைகள்: பூர்வகுடி மொழி பேச வேண்டும், அந்த வாழ்க்கை முறையையும் வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் பின்பற்ற வேண்டும், அந்தச் சமூகத்தில் ஒருவராகத் தொடர வேண்டும். ஆக, வழிகாட்டி நூல் “அம்மா இருந்தால் போதும்” என்கிறது. சட்டம் “அம்மாவின் மொழி எங்கே?” என்கிறது. லயத்தில் வளர்ந்து தமிழ்ப்பள்ளிக்குப் போன பிள்ளை இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நிற்கிறது. அப்பாவுக்கு இல்லாத பரீட்சையை அம்மாவுக்கு மட்டும் வைக்கும் இந்தப் பிரிவு அநியாயமானது, திருத்தப்பட வேண்டியது.

நம் பக்கமும் சுத்தமில்லை. செமாய் பெண்ணைக் கட்டியவனின் பிள்ளைகளை அடிமை என்ற பொருள் ஒட்டிய அந்தப் பழைய சொல்லால் கூப்பிட்டவர்கள் தோட்டத்தில் உண்டு. அதே வாய்தான் இன்று “பேரு தமிழ்ப் பேரு, சலுகைக்கு மட்டும் அஸ்லியா?” என்று கேட்கிறது. மெட்ரிக்குலேஷனில் 90:10 ஒதுக்கீடு எத்தனை தமிழ்ப் பிள்ளைகளை வெளியே நிறுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. அதை இந்தப் பிள்ளைமேல் காட்டுவது நியாயமில்லை.

அப்படியானால் என்ன போடுவது? என் கருத்து நேரானது. கட்டம் கேட்பது ஒரு நிர்வாக வகைப்பாட்டை. டேட்டாபேஸில் ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்புதான் ஏறும். அதில் உன் ஆத்மாவைத் தேடாதே. வரையறை உன் தாயை ஏற்றுக்கொண்டால், ஆதாரத்தோடு அந்தத் தகுதியைக் கேள். அது ஏமாற்று இல்லை, தமிழுக்குத் துரோகமும் இல்லை. பொய் மட்டும் எழுதாதே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காட்டுக்குள் இருக்கும் கம்போங்கிலிருந்து பள்ளிக்கு வரவே பாடுபடும் செமாய் பிள்ளையின் இடத்தை, ரோட்டோரத் தோட்டத்துப் பிள்ளை எடுத்துக்கொள்ளலாமா? இங்கே இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும். பூமிபுத்திரா என்பது மிகப் பெரிய வகை. அதற்குள் தலைநகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளையும் வரலாம் என்றால் தேயிலை கிள்ளுபவரின் பிள்ளை தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஓராங் அஸ்லி மாணவர்களுக்கென்றே இருக்கும் உதவிகள் குறுகியவை. 153-ஆம் விதி சிறப்பு நிலை தரும்போது மலாய்க்காரர்களையும் சபா, சரவாக் பூர்வகுடிகளையும்தான் பெயர் சொல்கிறது; ஓராங் அஸ்லியைச் சொல்லவில்லை. எட்டாவது விதியில் ஓர் ஓரமான அனுமதிதான் அவர்களுக்கு. அந்தச் சின்னத் தட்டில் கை வைப்பதற்கு முன், அம்மாவின் மக்கள் அனுபவித்த இல்லாமை என் வாழ்க்கையிலும் இருந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கேள்வியை இந்திய உச்ச நீதிமன்றம் 2012-இல் ரமேஷ்பாய் தபாய் நாயக்கா வழக்கில் சந்தித்தது. தந்தை பழங்குடி அல்ல, தாய் பழங்குடி. பிள்ளைக்குத் தந்தையின் சாதி என்ற அனுமானம் முடிவானதல்ல. தாயின் சமூகத்தில் வளர்ந்து அதன் இழிவையும் இல்லாமையையும் தானும் பட்டதைப் பிள்ளை நிரூபிக்கலாம் என்றது தீர்ப்பு. மொழிப் பரீட்சையைவிட இது மனிதத்தன்மை உள்ள அளவுகோல். அமெரிக்காவில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால் கல்லூரி அதைக் கருதலாம் என்றும் சொன்னது. கட்டத்துக்குப் பதில் கதை. அதிலும் ஆபத்து உண்டு. பதினெட்டு வயதில் துக்கத்தை விற்கப் பழக வேண்டியிருக்கும். நம் பாரத்தில் அந்த இடமே இல்லை. கட்டம் மட்டும்தான்.

மிச்சக் கதையை இலக்கியம்தானே எழுத வேண்டும்? நான் வாசித்த மலேசியத் தமிழ்க் கதைகளில் கலப்பு என்பது பெரும்பாலும் காதலாக வரும், கல்யாணத்திலோ பிரிவிலோ முடியும். யாஸ்மின் அஹ்மட்டின் ‘டேலண்டைம்’ (2009) எனக்கு மிகப் பிடித்த படம். அதிலும் கலப்புக் குடும்பத்து மெலூர், இந்திய இளைஞன் மகேஷ் என்று காதல்தான் மையம். அவர்களுக்குப் பிள்ளை பிறந்து, அது பாரத்தின் முன்னால் உட்காரும் கதை இன்னும் நம்மிடம் இல்லை. அதை எழுதினால் அடையாளச் சிக்கல் என்று புலம்பித் தப்பிக்க முடியாது. சீட்டு, உபகாரச் சம்பளம், பக்கத்து வீட்டுப் பொறாமை, அம்மா வீட்டில் பேசாமல் விட்ட மொழி எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கும்.

அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். அம்மா ஏன் செமாய் பேசவில்லை? லயத்தில் அதைப் பேசினால் சிரித்தார்கள். சிரித்தவர்கள் நாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மொழிப் பரீட்சையில் அந்தப் பிள்ளை தோற்றால், அந்தத் தோல்வியில் நம் பங்கும் இருக்கிறது.