மொழிக்குறியும் இடுகுறிக் கொள்கையும்

அமைப்பு மொழியியலின் அடிப்படைக் கருத்துகளுள் மிகுதியாக எடுத்தாளப்படுவதும் மிகுதியாகப் பிழைபட விளங்கப்படுவதும் மொழிக்குறியின் இடுகுறித்தன்மையாகும். பேர்டினண்ட் டி சசூர் 1907க்கும் 1911க்கும் இடையில் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய விரிவுரைகளை, அவர் மறைந்த பின்னர், சார்ள்ஸ் பாலி, அல்பேர் செஷே ஆகிய இருவரும் மாணவர் குறிப்புகளைக் கொண்டு 1916இல் நூலாக்கினர். மொழி என்பது பொருள்களுக்கு இடப்பட்ட பெயர்களின் பட்டியல் என்னும் பழங்கொள்கையை மறுத்தே அந்நூல் குறியின் இயல்பை விளக்கத் தொடங்குகின்றது. குறியானது பொருளையும் பெயரையும் இணைப்பதன்று. கருத்தையும் ஒலிப்படிமத்தையும் இணைப்பது. முன்னது குறிப்பீடு, பின்னது குறிப்பான்.

இவற்றிடையே இயல்பான தொடர்பு இல்லை என்பதற்குச் சசூர் காட்டும் சான்று, எருது என்னும் குறிப்பீடு எல்லையின் ஒருபுறம் 'பெஃப்' எனவும் மறுபுறம் 'ஒக்ஸ்' எனவும் வழங்குதலாகும். எமில் பென்வெனிஸ்ற் 1939இல் இச்சான்றையே தாக்கினார். இருவேறு ஒலிகளும் ஒன்றையே குறிப்பன எனக் கொள்வதற்கு அவ்விலங்கையே நினைக்கவேண்டும். வரைவிலக்கணத்தில் விலக்கப்பட்ட புறப்பொருள் சான்றினுள் மீண்டும் புகுந்துவிடுகின்றது. பேசுவோன் உள்ளத்திற் குறிப்பானும் குறிப்பீடும் பிரிவின்றி நிற்றலின் அவற்றின் தொடர்பு இன்றியமையாதது. குறிக்கும் உலகப் பொருளுக்கும் உள்ள தொடர்பே இடுகுறியானது என்பது அவர் முடிபு.

சான்றைப் பொறுத்தவரை இம்மறுப்பு வலிமையுடையது. எனினும் கொள்கை அதனால் வீழ்ந்துவிடவில்லை. மதிப்புப் பற்றிச் சசூர் கூறுவன அதற்கு ஆழமான அடித்தளம் இடுகின்றன. பிரெஞ்சில் 'மூத்தோன்' என்னும் ஒரு சொல் ஆட்டையும் அதன் இறைச்சியையும் குறிக்க, ஆங்கிலம் அவற்றை 'ஷீப்', 'மட்டன்' என இரண்டாக்குகின்றது. கேட்போனை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' எனத் தமிழ் பிரிப்பதை ஆங்கிலம் 'வீ' என ஒன்றாக்குகின்றது. எனவே குறிப்பானைப் போலவே குறிப்பீடும் அவ்வம்மொழியின் வகுப்பால் அமைவதே. இடுகுறித்தன்மை அவ்வகுப்பிலேயே உறைகின்றது.

இந்நிலையில், தமிழ் இலக்கணம் கூறும் இடுகுறிப்பெயரே சசூரின் கொள்கை எனக் கொள்வது பொருந்தாது. இலக்கணத்தில் இடுகுறி, காரணம் என்பன பெயர்ச்சொற்களின் இரு வகைகள். பொருள் முன்னரே உளது. பெயர் பின்னர் இடப்படுகின்றது என்பதே அப்பாகுபாட்டின் எடுகோள். அது சசூர் மறுத்த பெயர்ப்பட்டியற் கொள்கைக்கு அணித்தானது. அவருக்கோ குறிகள் யாவும் இடுகுறியே. 'நாற்காலி' காரணப்பெயராயினும் அதன் உறுப்புகளாகிய 'நால்', 'கால்' என்பன காரணமற்றவை. பிரெஞ்சில் இருபதைக் குறிக்கும் சொல் காரணமற்றது, பத்தொன்பதைக் குறிப்பது ஓரளவு காரணமுடையது என அவர் பிரித்ததே காரணப்பெயரோடு ஒப்பிடற்குரியது.

இடுகுறி என்பதனாற் பேசுவோன் தன் விருப்பப்படி குறியை மாற்றலாம் என்பதும் பெறப்படாது. காரணம் இல்லாததனாலேயே, இது தகும், அது தகாது என வழக்காட இடமில்லை. மரபே அதனை நிலைநிறுத்துகின்றது. கலைச்சொல் ஒற்றுமையை மட்டும் கண்டு இரு கொள்கைகளையும் ஒன்றெனக் கூறுதல் இரண்டின் தனிச்சிறப்பையும் மறைப்பதாகும்.