தனியாகக் குளிக்க ஓர் அறை

சித்தப்பாவுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடுதான் நாள் முழுக்க இருக்கிறார். இந்த நோய்க்காரர்களைக் குளியல் படுத்துகிற பாடு சாமானியமில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், குனிந்து காலைத் தேய்க்க வேண்டும், வாளியில் மொண்டு ஊற்ற வேண்டும். போதாததற்கு ஆவி வேறு. இத்தனைக்கும் நடுவில் அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "நானே குளிச்சுக்கிறேன், யாரும் உள்ள வரப்படாது." மதுரையில் அவர்கள் வீட்டுக் குளியலறை ஏழுக்கு நாலடி. அதை இந்த நிபந்தனைக்குள் கொண்டுவர வாங்கிய சாமான்களைத்தான் இங்கே எடை போடுகிறேன். சித்தி வெளியே நிற்க, உள்ளே அவரால் இதைத் தனியாகக் கையாள முடிகிறதா? வேறு அளவுகோல் எனக்கு இல்லை.

நாற்காலியிலிருந்து தொடங்குவோம். கடையில் மூன்று ரகம் காட்டுவார்கள்: வெறும் ஸ்டூல், கைப்பிடியும் முதுகும் உள்ளது, சக்கரம் வைத்தது. ஸ்டூல் மலிவு. ஆனால் எழும்போது ஊன்ற இடமில்லை என்பதால் மூச்சு வாங்குகிறவருக்கு உதவாது. சக்கரம் வைத்தது நடக்கவே முடியாதவர்களுக்கு. பிரேக் போட மறந்தால் எழுகிற நொடியில் பின்னால் நழுவும், சித்தப்பா வீட்டில் உள்ளதுபோன்ற குறுகிய கதவுக்குள் நுழையவும் நுழையாது. நடுவில் உள்ளதை மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்கினோம். அலுமினியக் கால்கள், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் இருக்கை. கால்களில் உள்ள பொத்தானை அழுத்தி உயரத்தை மாற்றலாம். இருக்கை 17 முதல் 19 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு எழுவது சுலபம். சித்தப்பா உயரமானவர், 19இல் வைத்தோம். முன்பக்கம் வெட்டுவிட்ட இருக்கையாகப் பார்த்து வாங்கியது நல்லதாகப் போயிற்று. கழுவிக்கொள்ள எழுந்து நிற்க வேண்டியதில்லை.

குறைகள் உண்டு. நம் குளியலறைத் தரை தண்ணீர் வடிய ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். நாலு காலையும் ஒரே ஓட்டையில் மாட்டினால் நாற்காலி ஆடுகிறது. சரிவுப் பக்கத்துக் காலை ஓர் ஓட்டை இறக்கினால் ஓரளவு நிற்கிறது, முழுக்க இல்லை. காலடி ரப்பர் புஷ்தான் இந்தச் சாமானின் உயிர்நாடி. அது தேய்ந்து அலுமினியம் டைல்ஸைத் தொட்டதென்றால் வழுக்கல்தான். மாற்று புஷ் அதே கடையில் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். போர் தண்ணீர் உப்பில் அலுமினியம் தாங்குகிறது, இருக்கையின் ஸ்க்ரூக்கள் தாங்கவில்லை. கழற்றிவிட்டு ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டாயிற்று.

அடுத்தது ஹேண்ட் ஷவர். இந்த மாற்றங்களிலேயே கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது இதுதான். வழக்கமாக வருகிற ஒரு மீட்டர் ஹோஸ் நின்று குளிப்பவருக்குச் சரி. உட்கார்ந்தவர் முதுகுக்கும் காலுக்கும் கொண்டுபோக ஒன்றரை மீட்டராவது வேண்டும். அரை அங்குல மரை பொதுவானது என்பதால் ஹோஸை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம். மாட்டும் கொக்கியை உட்கார்ந்தால் எட்டுகிற உயரத்துக்கு இறக்கினோம். தலையிலேயே திறந்து மூடுகிற பட்டன் உள்ள ரகமாக வாங்குங்கள். மூச்சு வாங்கினால் நிறுத்திவிட்டுச் சற்று உட்கார்ந்திருக்கலாம், தண்ணீரும் வீணாகாது. கணக்கும் சரியாக வருகிறது: 15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சுட்ட நீர், 28 டிகிரி தொட்டித் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் சுமார் 40 லிட்டர். நிறுத்தி நிறுத்திக் குளிக்கிறவருக்கு அது தாராளம். ஓர் எச்சரிக்கை. பட்டனை மூடிவிட்டு மிக்சரைத் திறந்தே வைத்திருந்தால் சூடும் குளிரும் உள்ளுக்குள் கலந்து, மறுபடி அழுத்தும்போது முதல் தண்ணீர் எந்தச் சூட்டில் வரும் என்று சொல்ல முடியாது. முதல் பீச்சலைத் தரையில் விடுவது சித்தப்பாவுக்கு இப்போது கைப்பழக்கம். ஓட்டைகளில் படிகிற உப்பு வேறு சங்கதி. ரப்பர் முனை உள்ள ஷவராக இருந்தால் விரலால் தேய்த்தாலே போய்விடும்.

சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிக் மிக்சரும் விசாரித்தோம். கருத்தளவில் அருமையான பொருள். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், 49 டிகிரியானால் சில நிமிடம் ஆகும். வயதானவர் தோலுக்கு அந்த அவகாசமும் கிடையாது. ஆனால் இந்த மிக்சர்களில் பெரும்பாலானவை அரை பார் முதல் ஒரு பார் வரை அழுத்தம் கேட்கின்றன. மொட்டைமாடித் தொட்டி குழாய்க்குப் பத்தடி மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். பிரஷர் பம்ப் வைத்த அடுக்குமாடி வீட்டுக்கு வாங்கலாம், எங்களுக்கு வேண்டாம் என்று விட்டோம். பதிலாகக் கீசரின் தெர்மோஸ்டாட்டையே குறைத்தோம், முதலில் குளிர்ந்த நீர் பிறகு வெந்நீர் என்று திறக்கப் பழக்கினோம். சித்திரை மதியத்தில் மதுரையில் 'குளிர்ந்த' குழாயிலேயே வெந்நீர் வரும் என்பதால் குளியல் காலையோடு சரி. கேஸ் கீசர் இருக்கிற வீடானால் முதலில் அதை வெளியே தூக்குங்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நல்ல திடகாத்திரமானவர்களே அதில் செத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் குழாய் மாட்டியவர் பக்கத்தில் நெருப்பு எரிவது அதைவிட ஆபத்து.

பிடிகம்பி விஷயத்தில் நான் கறார். உறிஞ்சு ரப்பரில் ஒட்டுகிற கம்பிகளை வாங்காதீர்கள். டைல்ஸ் இடுக்கில் பட்டால் காற்று புகுந்துவிடும், எப்போது விடும் என்று தெரியாது. டவல் கம்பியும் பிடிகம்பி ஆகாது. அமெரிக்க விதிமுறை பிடிகம்பிக்கு 33 முதல் 36 அங்குல உயரம், சுவரிலிருந்து ஒன்றரை அங்குல இடைவெளி, சுமார் 113 கிலோ தாங்கும் பலம் என்கிறது. கம்பி 304 கிரேடு ஸ்டீலில் எளிதாகக் கிடைக்கிறது, பிரச்சினை சுவரில்தான். குளியலறைத் தடுப்பு பல வீடுகளில் நாலரை அங்குலச் சுவர். பிளாஸ்டிக் பிளக்கை நம்பாமல், ஊடே துளை போட்டு அந்தப் பக்கம் தகடு வைத்து போல்ட் முடுக்கச் சொன்னோம். "எதுக்குங்க இவ்வளவு?" என்றார் பிளம்பர். முடித்ததும் அவரையே தொங்கிப் பார்க்கச் சொன்னோம்.

கதவுக்கு ஆன செலவு கார்பென்டரின் அரைநாள் கூலி. உள்பக்கம் திறக்கிற கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கீலை மாற்றி வெளியே திறக்க வைத்தோம், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் நீக்கலாம்.

ஆக்சிஜன் இயந்திரம் அறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஆவியும் மின்சாரமும் சேரக்கூடாது. நீளக் குழாய் நசுங்காமல் போகக் கதவின் அடியில் சிறு வெட்டு. குளிக்கும்போது ஆக்சிஜன் அளவைக் கூட்டலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகத் திருகாதீர்கள். எண்ணெயும் வாசலினும் ஆக்சிஜன் குழாய்க்கு அருகே தீப்பிடிக்க வழிசெய்யும் என்பதோடு தரையையும் வழுக்கலாக்கும். சித்தப்பா சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்கே ஒரு முழுக்குப் போட வேண்டியிருந்தது. துவட்டுவதும் பெரிய வேலை என்பதால் பூந்துவாலையில் தைத்த தொளதொள அங்கி ஒன்று. போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஈரத்தை அதுவே இழுத்துவிடுகிறது.

கடைசியாக அழைப்பு மணி. வயர்லெஸ் பொத்தானைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒட்டுங்கள், விழுந்தவர் கைக்கு எட்ட வேண்டும். நனைந்தாலும் கெடாத ரகமா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். சாதாரண வாசல் மணியின் பொத்தானுக்குள் தண்ணீர் இறங்கினால் தானாகவே அடிக்கும். அப்படி ஒருமுறை இருமுறை ஓடி ஏமாந்த வீட்டில், அடுத்த தடவை அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வருவார்கள்.